புது லப்டொப்பின் வைஃபை கார்ட்டை இப்போதே மாற்ற வேண்டுமா?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி, நான்காம் மாடி. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் ஹோலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில். போன மாதம் பம்பலப்பிட்டியில் வாங்கிய ரைசன் 5 (இன்டெல் இல்லை, ஏஎம்டி சிப்) லப்டொப். அறையில் இருந்து வேகம் பார்த்தால் 30, 35க்கு மேல் ஏறுவதில்லை. உள்ளே இருப்பது ரியல்டெக் 8821சிஇ கார்ட். வின்டோஸ் காட்டும் இணைப்பு வேகம் 72. ஒரு நண்பர் இன்டெல் ஏஎக்ஸ்210 போடச் சொல்கிறார். இன்னொருவர், போடுவதென்றால் வைஃபை 7 கார்ட்டான பிஇ200ஐயே போடு என்கிறார். புது மெஷினைத் திறக்கலாமா, திறந்தால் வொரண்டி என்ன ஆகும்?

தம்பி, இப்போதைக்குத் திறக்க வேண்டாம். உங்கள் கார்ட் மட்டமானதுதான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ரைசன் 5 போட்ட லப்டொப்பில் 2013இல் வந்த வைஃபை 5 தரத்தை, அதிலும் ஒற்றை அன்டெனா வகையைப் போட்டு விற்பது கஞ்சத்தனம். ஆனாலும் உங்கள் 35க்குக் காரணம் அந்தக் கார்ட்டின் வயது இல்லை. அதைத் திறக்காமலே சரிப்படுத்த முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 72. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், 20 மெகாஹேர்ட்ஸ் அகலமான சனலில், ஒரே ஒரு அன்டெனாவோடு இணையும், முந்திய தலைமுறையான வைஃபை 4 கருவிக்கு அதிகபட்சம் கிடைக்கும் இணைப்பு வேகம் 72தான். வைஃபை 5 என்பது 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஓடுவது. 2.4க்கு வந்தால் அந்தக் கார்ட் தானாகவே வைஃபை 4 நிலைக்கு இறங்கிவிடும். 5 கிகாஹேர்ட்ஸில், வழக்கமான 80 மெகாஹேர்ட்ஸ் சனலில் ஒற்றை அன்டெனாவுக்கு வரும் வேகங்கள் 65, 97, 130, 195 என்று ஏறி 433இல் முடியும். அந்த வரிசையில் 72 இல்லை. ஆக, உங்கள் லப்டொப் 2.4இல் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதுவும் உச்ச வேகத்தில். சிக்னல் பலவீனமாக இருந்தால் 72 கூடக் காட்டாது, இன்னும் கீழே இறங்கியிருக்கும்.

இணைப்பு வேகம் வேறு, கைக்கு வருகிற வேகம் வேறு. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வர வேண்டும், நடுவில் காத்திருப்பு வேறு. இதெல்லாம் போக ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். 72இல் பாதி 36. உங்களுக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான். உங்கள் கார்ட் தன்னால் ஏலுமானதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

வெள்ளவத்தையில் 2.4இன் நிலைமை தெரியும்தானே. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் மாடி மேல் மாடியாக நிற்கும் வீடுகள், வீட்டுக்கு ஒரு ரவுட்டர். எல்லோரும் அந்த மூன்றுக்குள்தான் அடைந்து கிடக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு, பக்கத்து வீடுகளில் எல்லாம் படம் ஓடும் நேரத்தில், அந்த 35 பதினைந்தாக இறங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள். எவ்வளவு விலை கொடுத்துக் கார்ட் வாங்கினாலும் அயலவரின் ரவுட்டரை அது அமத்தாது.

முதலில் 5 கிகாஹேர்ட்ஸுக்கு ஏற வேண்டும். வின்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் போய், நெட்வேர்க் பகுதியில் இணைந்திருக்கும் வைஃபையின் விவரங்களைத் திறந்தால், எந்த அலைவரிசை, எந்தத் தரம், இணைப்பு வேகம் எவ்வளவு என்று மூன்றும் இருக்கும். ஒருக்கா வடிவாகப் பாருங்கள். 2.4 என்றிருந்தால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ரவுட்டரே 2.4 மட்டும் தெரிந்த பழைய வகை. அப்படியென்றால் எந்தக் கார்ட்டைப் போட்டும் பயன் இல்லை, ரவுட்டரைத்தான் மாற்ற வேண்டும். மற்றது, ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறது. லப்டொப் எது பலமாகத் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் தாண்டி 2.4தான் எப்போதும் பலமாகத் தெரியும், ஆகவே அதையே பிடிக்கும்.

இதற்கு ரவுட்டரின் உள்ளே போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில் திறக்கும், கடவுச்சொல் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். சில ரவுட்டர்களில் ஏற்கெனவே பெயரின் பின்னால் "5ஜி" என்று ஒட்டி இரண்டாவது பெயர் ஒன்று இருக்கும். அதை மொபைல் 5ஜி என்று நினைத்துத் தொடாமல் விட்ட வீடுகள் கொழும்பில் நிறைய! அது 5 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான், தாராளமாக இணையுங்கள், டேட்டா பொதி ஒன்றும் தனியாக வெட்டாது. ரவுட்டருக்குள் போக முடியாவிட்டால், டிவைஸ் மேனேஜரில் கார்ட்டின் அட்வான்ஸ்ட் பகுதியில் பிரிஃபர்ட் பாண்ட் என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் 5 கிகாஹேர்ட்ஸை முதலில் தேடும்படி சொல்லலாம். பக்கத்திலேயே பவர் மேனேஜ்மன்ட் பகுதி இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற கட்டத்தில் உள்ள சரியடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். வைஃபை இடைக்கிடை அறுந்து போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

5க்கு மாறியதும் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்து வேகம் பாருங்கள். 433 இணைப்பில் 200க்கு மேல் கைக்கு வரும். உங்கள் ஃபைபரே 100தான். அதாவது நீங்கள் மட்டம் என்று நினைக்கும் கார்ட்டே, நல்ல சிக்னல் உள்ள இடத்தில் உங்கள் இணைய இணைப்பை முழுவதும் குடித்து முடித்துவிடும். பெட்டியில் 2400 என்று அச்சடித்த ஏஎக்ஸ்210ஐப் போட்டாலும் அதே இடத்தில் அதே 95தான் வரும். அந்த 2400 வேண்டுமென்றால் ரவுட்டரும் 160 மெகாஹேர்ட்ஸ் சனலில் ஓட வேண்டும். 5 கிகாஹேர்ட்ஸில் அவ்வளவு அகலம் எடுப்பதென்றால் ராடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சனல்களுக்குள் போக வேண்டும். ராடார் அடையாளம் பட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. இணைய நிறுவனங்கள் வீட்டுக்குக் கொடுக்கும் சாதாரண ரவுட்டர்கள் பெரும்பாலும் 80இலேயே நிற்கும்.

அறைக்குள் போனதும் 5 கிகாஹேர்ட்ஸ் சுருங்கும். கொங்கிரீட் தூண், குளியலறை ஓடு, நிலைக்கண்ணாடி, இரும்பு அலுமாரி எல்லாம் 2.4ஐவிட 5ஐ அதிகம் தின்னும். இங்கேதான் கார்ட்டா ரவுட்டரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு காசும் செலவில்லாத வழி உங்கள் போன். அண்மைக் கால நடுத்தர விலை போன்கள் பலவற்றில் இரண்டு அன்டெனா உண்டு. லப்டொப்பை மேசையில் வைத்து, போனையும் அதற்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் அதே 5 கிகாஹேர்ட்ஸ் பெயரில் இணைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வேகம் பாருங்கள். நேரத்துக்கு நேரம் மாறும் என்றபடியால் பகலிலும் இரவிலும் பாருங்கள். போனுக்கு 90, லப்டொப்புக்கு 40 என்றால் குறை லப்டொப்பில். இரண்டுக்கும் 40 என்றால் லப்டொப்பைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. சிக்னலே அந்த அறைக்குச் சரியாக வரவில்லை.

இரண்டாவது நிலைமைதான் பல வீடுகளில். ஃபைபர் பொருத்த வருபவர்கள் வயர் உள்ளே வரும் இடத்திலேயே, அதாவது வாசலுக்குப் பக்கத்து மூலையில், ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டின் மறுகோடியில் உள்ள அறைக்கு நடுவில் மூன்று சுவர். ரவுட்டரை ஹோலின் நடுப்பக்கமாக, அலுமாரிக்குப் பின்னால் இல்லாமல், நெஞ்சு உயரத்தில் வைத்தாலே நிலைமை மாறும். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்கச் சொல்லி வீட்டில் கேட்பார்கள். அழகுக்குச் சரி, சிக்னலுக்குச் சரியில்லை.

இன்னொன்று, இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு. வீட்டில் இருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர், நாள் முழுக்க சூமில் கதைக்கிறவர் என்றால் ரவுட்டரில் இருந்து நெட்வேர்க் கேபிள் இழுங்கள். கட் 5இ கேபிள் 100 மீற்றர் வரை 1000 எம்பிபிஎஸ் கொண்டுபோகும். ஹோலில் இருந்து அறைக்கு இருபது மீற்றர் வராது. சுவரோரம் பிளாஸ்டிக் கேசிங் அடித்துக் கொண்டுபோகலாம். லப்டொப்பில் கேபிள் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பியில் மாட்டும் சிறு அடப்டர் இருக்கிறது. கேபிளின் மறுமுனையில் ஒரு சின்ன அக்ஸஸ் பொயின்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, மாட்டினால் அறையில் உள்ள எல்லாப் போன்களுக்கும் புது வைஃபை கிடைத்த மாதிரி. லப்டொப்பின் கார்ட்டை மாற்றினால் அந்த லப்டொப்புக்கு மட்டும்தான் இலாபம்.

சரி, கார்ட்டை மாற்றுவதே சரியான வேலை என்று சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. போனோடு ஒப்பிட்ட சோதனையில் லப்டொப் மட்டும் பின்தங்கினால் அது முதலாவது. இரண்டு அன்டெனா உள்ள கார்ட் ஒரே சிக்னலை இரண்டு பக்கத்தாலும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும். ரவுட்டருக்குப் பக்கத்தில் இணைப்பு வேகம் இரட்டிப்பாகும், தூரத்தில் பிடிமானம் கூடும். உங்கள் அறையின் சுவர்கள் காரணமாக 2.4ஐ விட்டால் வேறு வழியில்லை, ரவுட்டர் வைஃபை 6 என்றால் அது இரண்டாவது. வைஃபை 6 தரம் 2.4இலும் ஓடும். அதே 20 மெகாஹேர்ட்ஸ் சனலில் இரண்டு அன்டெனாவோடு இணைப்பு வேகம் 287 வரை போகும். 72 எங்கே, 287 எங்கே! இந்த ஒரு நிலைமையில் கார்ட்டுக்குக் கொடுக்கும் காசு நேரடியாகத் தெரியும். ரவுட்டர் பழைய வைஃபை 4 என்றால்கூட 144 வரும்.

மூன்றாவது புளூடூத். 8821சிஇ போன்ற கார்ட்களில் வைஃபையும் புளூடூத்தும் அதே அன்டெனாவை மாறி மாறிப் பாவிக்கின்றன, இரண்டும் 2.4இல் இருந்தால் அடிபடும். ஹெட்போனில் பாட்டு விட்டு விட்டுக் கேட்பது இதனால்தான். வைஃபையை 5க்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குப் புதுக் கார்ட் உதவும். ஆனால் அதற்கு முன் லப்டொப்பில் மாட்டியிருக்கும் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கையோ ஹப்பையோ கழற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 3இன் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸில் விழும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதி வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மௌஸ் துள்ளுவதும் அதனால்தான்.

இனி எந்தக் கார்ட் என்ற கேள்வி. பிஇ200 உங்களுக்குச் சரிவராது. அது இன்டெல் சிப் உள்ள மெஷின்களுக்கென்று வந்தது. ரைசன் மெஷின்களில் மாட்டினால் பெரும்பாலும் பிடிபடாது, சில நேரம் மெஷின் ஓனாகவே மாட்டாது. பிடித்தாலும் வைஃபை 7 முழுதாக ஓட வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும், வைஃபை 7 ரவுட்டரும் வேண்டும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்ற இரண்டையும் தொடாதீர்கள். விலை குறைவாக இருக்கும், பெயரும் ஏஎக்ஸ்210 மாதிரியே இருக்கும். ஆனால் அவை பாதிக் கார்ட்கள். மீதிப் பாதி வேலை இன்டெல் சிப்புக்குள் நடக்கிறது. அந்த முறைக்கு சிஎன்விஐ என்று பெயர். ரைசனில் அவை வெறும் தகடு. கடையில் ஏஎக்ஸ்210 கேட்டு ஏஎக்ஸ்211 வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, கடைசி இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஏஎக்ஸ்210 உங்களுக்குப் பொருந்தும். மீடியாடெக் 7922ம் பொருந்தும், ரைசன் லப்டொப்கள் பலவற்றில் அதுதான் தொழிற்சாலையிலேயே வருகிறது, ஏஎம்டி ஆர்இசட்616 என்ற பெயரில். இரண்டும் வைஃபை 6இ, அதாவது 6 கிகாஹேர்ட்ஸிலும் ஓடக்கூடிய வைஃபை 6. ஆனால் அந்த 6இ என்ற எழுத்துக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். 6 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை அந்தந்த நாட்டு விதிப்படி திறப்பது. அமெரிக்கா 2020இல் முழுவதையும் திறந்தது, ஐரோப்பா 2021இல் கீழ்ப்பகுதியை மட்டும் திறந்தது. கார்ட் தான் இருக்கும் நாட்டைப் பார்த்துத்தான் அதைப் பாவிக்கும். உங்கள் வீட்டு ரவுட்டரில் 6 கிகாஹேர்ட்ஸ் இல்லாதபோது அது வெறும் எழுத்துதான். வெளிநாட்டு விலையில் ஏஎக்ஸ்210 ஏறக்குறைய 20 டொலர், இங்கே சில ஆயிரம் ரூபாய். பெரிய செலவில்லை. அதனால்தான் எல்லோரும் யோசிக்காமல் மாற்றச் சொல்கிறார்கள்.

வாங்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கார்ட் சொக்கட்டில் மாட்டியிருக்கிறதா, போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறதா? மெல்லிய லப்டொப் பலவற்றில் ஒட்டியே வருகிறது. உங்கள் மொடலின் சேர்விஸ் மனுவலைத் தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கிப் பார்த்தால் தெரியும். 22க்கு 30 மில்லிமீற்றர் எம்.2 கார்ட் ஒரு ஸ்க்ரூவோடு படத்தில் இருந்தால் கழற்றலாம். மற்றது இதைவிட முக்கியம்: திரை மூடிக்குள் எத்தனை அன்டெனா வயர் ஓடுகிறது? ஒற்றை அன்டெனாக் கார்ட்டோடு வரும் சில மலிவு மொடல்களில் இரண்டாவது வயரைத் தயாரிப்பாளர் போடுவதே இல்லை. அப்படிப்பட்ட மெஷினில் ஏஎக்ஸ்210 போட்டால் ஒரு காலில் நிற்கிற கதைதான், மேலே சொன்ன இரட்டை அன்டெனா இலாபம் அவ்வளவும் போய்விடும். திரையின் பின்னால் புது அன்டெனா ஓட்டுவது பெரிய வேலை. அதற்கு நான் யாரையும் தூண்ட மாட்டேன். இன்னொரு சிறு எச்சரிக்கை: பழைய லெனோவோ, எச்பி லப்டொப்கள் சிலவற்றில் பயோஸ் (மெஷின் ஓனாகும்போது முதலில் ஓடும் மென்பொருள்) தனக்குத் தெரியாத கார்ட்டை ஏற்காது, 1802 என்றோ 104 என்றோ பிழை காட்டி நின்றுவிடும். புது மெஷின்களில் இது அரிது.

வொரண்டிக்கு வருவோம். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. திறக்கும் முன் விற்ற கடைக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுங்கள்: மொடல் இலக்கத்தை எழுதி, வைஃபை கார்ட் மாற்றினால் வொரண்டி நிற்குமா, நீங்களே மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். வாயால் கேட்டால் ஓம் என்பார்கள், பிறகு அங்கே இருக்கும் பொடியன் மாறிவிடுவான். எழுத்தில் இருந்தால் நல்லது. கார்ட்டை அவர்களிடமே வாங்கினால் தாங்களே மாட்டி, வொரண்டி ஸ்டிக்கரையும் புதிதாக ஒட்டித் தரும் கடைகள் யூனிட்டி பிளாசாப் பக்கம் இருக்கின்றன. மாட்டும்போது பக்கத்தில் நின்று, இரண்டு வயரும் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். ஒரு வயர்தான் என்றால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நீங்களே செய்வதென்றால், முதலில் புதுக் கார்ட்டின் டிரைவரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்ட் மாறியதும் வின்டோஸுக்கு அதைத் தெரியாவிட்டால் இணையமே இருக்காது. போனை யூஎஸ்பி கேபிளால் மாட்டி டேட்டா கொடுத்தும் சமாளிக்கலாம். மெஷினை ரீஸ்டார்ட் இல்லாமல் முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூ இரண்டு பெரும்பாலும் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்று நெம்ப வேண்டாம், இன்னொரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அன்டெனா வயரின் நுனி அரிசி அளவுதான். நேராக மேலே தூக்குங்கள், சாய்க்காதீர்கள். பல தடவை கழற்றி மாட்டும் அளவுக்கு அது செய்யப்படவில்லை. எந்த வயர் எதில் இருந்தது என்று கழற்றும் முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கழற்றிய ரியல்டெக்கை எறிய வேண்டாம். உறையில் போட்டு பில்லோடு வையுங்கள். நாளைக்குத் திரையோ போர்டோ பழுதாகி வொரண்டிக்குக் கொடுக்க வேண்டி வந்தால், பழைய கார்ட்டைத் திரும்ப மாட்டி, ஏஎக்ஸ்210ஐக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.